வெளியில் சொல்லக்கூடிய நோய்

எனக்கு நீரிழிவு வந்துவிட்டது என்று டொக்டர் சொன்ன அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சத்தியமாகத்தான் சொல்கிறேன். அவர் முகத்தைக் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொண்டு, கணினித் திரையை என் பக்கம் திருப்பி, சீனியின் அளவு, கொழுப்பின் அளவு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாம் சிவப்பு எழுத்தில் இருந்தன. நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேனே தவிர, மனம் அங்கே இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இந்தச் செய்தியை எப்படி எடுத்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது.

காரணம் இருக்கிறது. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எனக்கு இன்னொரு நோய் இருந்தது. எச்.ஐ.வி. அதை வெளியில் சொல்ல முடியாது. எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. நீரிழிவு வந்தவரைப் பிடித்து வைத்து, எத்தனை லட்டுத் தின்றாய், யார் வீட்டில் தின்றாய் என்று யாரும் விசாரணை நடத்துவதில்லையே. குளிசைகளை ஒழுங்காக விழுங்கினேன். வைரஸ் இரத்தப் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிக் கிடந்தது. அடங்காதவை மனிதர்களின் வாய்கள்தான். அவற்றுக்குப் பயந்து பயந்தே என் காலம் போய்க்கொண்டிருந்தது.

நீரிழிவு அப்படியா? சிட்னியில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் மூன்று பேருக்குச் சுகர் இருக்கும், நாலாவது ஆளுக்கு வரப்போகிறது. பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டியவுடன் "உங்களுக்கு எத்தினை?" என்று கேட்டுக்கொள்வார்கள். பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளைச் சொல்வது போல அங்கிள்மார் தங்கள் எண்களைச் சொல்வார்கள். கோயில் மண்டபத்தில் ஒருவர் பாகற்காயின் மகிமையைத் தொடங்கினால் இன்னொருவர் வெந்தயத்தோடு வருவார். நான் இந்தக் கூட்டங்களின் ஓரத்தில் பேப்பர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை என்று பொய் சொல்லிக்கொண்டு நின்றவன். இப்போது எனக்கும் ஓர் எண் கிடைத்துவிட்டது.

டொக்டர் நல்ல மனுஷி. சிட்னி நகரத்து மருத்துவமனை ஒன்றில் என்னைப் போன்றவர்களைப் பார்ப்பவர். என் சிரிப்பைக் கண்டு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நான் சொன்னது புரிந்ததா?" என்று கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஆரம்பத்தில் நான் எடுத்த பழைய மருந்துகள் கன்னத்திலும் கைகால்களிலும் இருந்த கொழுப்பை உருக்கிவிட்டன. பிறகு வந்தவை வயிற்றில் கொண்டுபோய்ச் சேர்த்தன. வைரஸும், மருந்தும், நான் பிறந்த இனமும், நான் தின்கிற சோறும் சேர்ந்து சீனியையும் கொலஸ்ட்ரோலையும் ஏற்றிவிட்டன. "உங்களை இனி எச்.ஐ.வி. கொல்லப்போவதில்லை. உங்கள் இதயத்தைத்தான் நாங்கள் காப்பாற்ற வேண்டும்" என்றார். சீனிக்கு ஒரு குளிசை தந்தார். கொலஸ்ட்ரோலுக்கு இப்போதைக்கு வேண்டாம், நடந்து பாருங்கள், சோற்றைக் குறையுங்கள், தேவைப்பட்டால் உங்கள் மற்ற மருந்துகளோடு சண்டை போடாத ஒன்றைத் தேர்ந்து தருகிறேன் என்றார். என்னைக் கேட்காமல் எதையும் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். நான் பாகற்காய்ச் சாற்றைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இது 2011இல். அப்போது லிட்கமில் ஒரு வீட்டின் பின்வளவில் இருந்த ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். கார் ஓட்டப் பழக்குவதுதான் தொழில். புதிதாக வந்தவர்கள், வயது போன பிறகு துணிந்தவர்கள், மூன்று தரம் சோதனையில் தவறிய அன்ரிமார் எல்லாரும் என்னிடம் வருவார்கள். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அது இருப்பதால்தான் நான் இன்றைக்கு உயிரோடிருக்கிறேன்.

முன்வீட்டில் இருந்தவர்கள் அக்காவும் அண்ணையும். இரத்த உறவு இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு உறவாகிவிட்டவர்கள். அண்ணை ரயில் நிலையத்தில் வேலை செய்தார். இதயக் குழாயில் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்தவர். அக்கா ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை. வாரம் முழுக்க உப்பில்லாத, உறைப்பில்லாத சாப்பாடு சமைத்துக் கொடுத்த கோபத்தையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பில் காட்டுவார். ஒரே மகன் மெல்பேர்ணில் ட்ருகனினாவில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். சாப்பாட்டு மேசையில் அவன் உட்கார்ந்த கதிரை வெறுமையாக இருந்தது. நான் வந்த மாதமே அக்கா என்னை அதில் உட்கார வைத்துவிட்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் ஒரு காரியம் நடக்கும். குழம்பு ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டிக்குள் மிஞ்சிய சோறு, பருப்பு, கீரை எல்லாவற்றையும் போட்டு அக்கா கையால் பிசைவார். உருண்டை பிடித்து ஒவ்வொருவரின் உள்ளங்கையிலும் வைப்பார். குழையல் சோறு என்று சொல்வோம். வயிறு நிறைந்த பிறகும் அதற்கு எப்படியோ இடம் வந்துவிடும். அண்ணைக்கு ஒன்று, எனக்கு ஒன்று, கடைசியில் சட்டியை வழித்துத் தனக்கு ஒன்று. அந்த உருண்டை என் கையில் விழுகிறபோதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். அதற்கும் காரணம் இருக்கிறது.

சிட்னிக்கு வருமுன் மெல்பேர்ணில், மல்கிரேவில், ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தேன். 2009இல் அவர்களுக்கு என் விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் என்னை ஏசவில்லை. வெளியே போ என்று சொல்லவில்லை. ஒரு நாள் குசினிக்குள் போனால், என் தட்டு, என் கோப்பை, என் கரண்டி மூன்றும் தனியாக ஓர் அலுமாரித் தட்டில் வைக்கப்பட்டிருந்தன. கழுவித் துடைத்து, கீழே பூப்போட்ட கடதாசி வேறு விரித்து அழகாகத்தான் வைத்திருந்தார்கள். கோபப்படக்கூட இடம் தராத மரியாதை அது. அந்தக் கோப்பையில் ஒரு வாரம் தேத்தண்ணி குடித்தேன். பிறகு சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்துவிட்டேன். எனவே லிட்கமில் நான் கட்டிக்காத்தது என் ரகசியத்தையல்ல, அந்தக் கதிரையை. அது போனால் எனக்கு வேறு வீடு இல்லை.

அந்த ஞாயிறு, மீனில் கை வைக்குமுன்பே அறிவித்தேன்.

"அக்கா, எனக்குச் சுகராம்."

"ஐயோ தம்பி!" என்றார் அக்கா. அண்ணைக்கோ முகம் மலர்ந்துவிட்டது. தனியாக இனிப்பைத் தள்ளிவைத்துக்கொண்டிருந்த மனிதருக்குக் கூட்டாளி கிடைத்துவிட்டான். "எத்தினை காட்டினது?" என்று கேட்டார். சொன்னேன். "உது ஒண்டுமில்லை. என்ரையைக் கேட்டால் நீர் மயங்கி விழுவீர்" என்று பெருமைப்பட்டார்.

அன்று நான் மன்னன். சிவப்பரிசியா தீட்டின அரிசியா என்று அரைமணித்தியாலம் விவாதம் நடந்தது. கன்னம் ஏன் ஒட்டியிருக்கிறது, வயிறு ஏன் முன்னுக்கு நிற்கிறது என்று நம்மவர்கள் கண்ட இடமெல்லாம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரே சொல்லில் பதில் கிடைத்துவிட்டது. சுகர். நானே ஆச்சரியப்படும் அளவுக்குப் பேசினேன். அப்போதுதான் அண்ணை எழும்பிப் போய்த் தன் சீனி பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தன் விரலில் குத்தினார். அக்காவின் விரலில் குத்தினார். அதே ஊசியோடு என் பக்கம் திரும்பினார்.

"விரலைத் தாரும்."

இது எங்கள் ஆட்களின் பழக்கம். ஒரு வீட்டில் ஒரு மெஷின் இருந்தால் விருந்துக்கு வந்தவர் அத்தனை பேருக்கும் அதில்தான் பரிசோதனை. வெற்றிலைத் தட்டு சுற்றுவது போல அது சுற்றும். நான் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய்விட்டேன். என்னுடைய வைரஸ் அடங்கிக் கிடக்கிறது என்பதெல்லாம் அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. அண்ணையின் ஊசி, அக்காவின் விரல், இவ்வளவுதான் கண்ணில் நின்றன.

"இல்லை அண்ணை, எனக்கு ரத்தம் கண்டால் தலை சுத்தும்."

"சும்மா விசர்க்கதை கதையாதையும். ஒரு துளி."

"ஏலாது அண்ணை. உண்மையா ஏலாது."

"கார் பழகிற பொம்பிளையளுக்குப் பக்கத்தில இருந்து சாவோட விளையாடுறீர், ஒரு ஊசிக்குப் பயப்பிடுறீரோ?" என்று அண்ணை சிரித்தார். அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு என் பெயர் 'ஊசிப்பயந்தாங்கொள்ளி'. நான் சந்தோஷமாக அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டேன். அடுத்த நாளே எனக்கென்று ஒரு மெஷின் வாங்கினேன்.

டொக்டர் சொன்னபடி நடக்கத் தொடங்கினேன். லிட்கம் பக்கம் நடக்க நல்ல இடம் என்றால் அங்கே இருக்கும் பெரிய மயானம்தான். மரம், நிழல், அமைதி, வாகனம் இல்லை. உயிரை நீட்டுவதற்காகக் கல்லறைகளுக்கு நடுவே கைவீசி நடப்பதில் ஒரு பகிடி இருந்தது. அதை யாரிடமும் சொல்லிச் சிரிக்க முடியவில்லையே என்று இருந்தது.

இதற்கிடையில் அண்ணையின் டொக்டர் அவருடைய கொலஸ்ட்ரோல் குளிசையை வேறொன்றுக்கு மாற்றிவிட்டார். பழைய குளிசை ஒரு முழுப்பெட்டி மிஞ்சிப்போயிற்று. அக்காவின் கையில் எந்தப் பொருளும் வீணாகப் போகாது. ஒரு பின்னேரம் வேலிக்கு மேலால் கறிவேப்பிலை நீட்டுவது போல அந்தப் பெட்டியை என் அறை வாசலில் நீட்டினார்.

"தம்பி, உங்களுக்கும் கொலஸ்ட்ரோல் எண்டனீங்களெல்லோ. இது அண்ணை ரெண்டு வருஷமாப் போட்ட குளிசை. நல்ல குளிசை. கிடந்து பழுதாப் போகுது."

எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. பாகற்காய்ச் சாறு, கறுவாப் பட்டை, யாரோ கேரளாவிலிருந்து கொண்டுவந்த பொடி, இவற்றையெல்லாம் அதுவரை கெட்டித்தனமாகத் தட்டிக்கழித்து வந்தவன் நான். இது அப்படியல்லவே. பார்மசிக்காரர் கொடுத்தது. தாள் கிழிக்காமல் பளபளவென்று இருந்தது. இங்கிலீஷ் மருந்தோடு இங்கிலீஷ் மருந்து சண்டை பிடிக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டிலுள்ள ஒரு ஆளுக்குக் கொடுப்பது போல அக்கா அதைக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்திலேயே முதல் குளிசையை விழுங்கினேன்.

சில வாரங்களில் தொடை நோகத் தொடங்கியது. நடக்கிறேனே, அதுதான் என்று நினைத்தேன். டொக்டர் சொன்ன உடற்பயிற்சி வேலை செய்கிறது என்று பெருமை வேறு. பிறகு படியேற முடியவில்லை. தோள் நொந்தது. ஒரு காலை ஓர்பனில் ஒரு அன்ரிக்கு வகுப்பு. முன்னால் போன லொறி திடீரென்று நின்றது. நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன். கால் போகவில்லை. மிதி என்று மூளை சொல்கிறது, கால் பஞ்சு மாதிரிக் கிடக்கிறது. நல்ல காலம், அன்ரி தானே மிதித்துவிட்டார். "பார்த்தியளே, இண்டைக்கு நானே நிப்பாட்டினன்!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நான் வாழ்த்திவிட்டு, வகுப்பை முடித்து, வீட்டுக்கு வந்து கழிப்பறைக்குப் போனேன். சிறுநீர் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் போனது.

அண்ணையும் அக்காவும்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் ஒரு இளம் டொக்டர் வந்து, என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டார். அக்கா கட்டில் ஓரத்தில், கழற்றிய என் சப்பாத்துகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "அக்கா, ஒரு தேத்தண்ணி வாங்கித் தாறியளோ?" என்று அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய முகம் மாறியது. ஓடிப்போய்ப் பெரிய டொக்டரைக் கூட்டிவந்தார்.

விஷயம் இதுதான். என் எச்.ஐ.வி. குளிசைகளில் ஒன்று, மற்றதற்குத் துணையாகத் தருவது. ஈரல் மருந்தை வெளியேற்றிவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை, தொட்டிக்கு அடைப்பான் போடுவது போல. எந்த மருந்து என்று அது பார்க்காது. அக்கா தந்த கொலஸ்ட்ரோல் குளிசையும் வெளியே போக வழியில்லாமல் உடம்பில் சேர்ந்து சேர்ந்து, தசையைக் கரைக்கத் தொடங்கியிருந்தது. கரைந்தது சிறுநீரகத்துக்குப் போய்விட்டது. இரண்டு கைகளிலும் சேலைன் ஏற்றினார்கள். நேரத்தோடு வந்தீர்கள், தப்பிவிடுவீர்கள் என்றார் பெரிய டொக்டர்.

அக்கா தேத்தண்ணியோடு வந்தார். பாதியைத்தான் சொன்னேன். "அந்தக் கொலஸ்ட்ரோல் குளிசை எனக்கு ஒத்துக்கொள்ளேல்லையாம்."

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நானெல்லோ தந்தனான். ஐயோ, நானெல்லோ கொண்டுவந்து தந்தனான்" என்று அவர் அழுததில் பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அடுத்த நாள் கண் வீங்கி வந்தார். ஒன்றும் சாப்பிடவில்லை என்று அண்ணை சொன்னார். பிறகு, பெருமையா பயமா என்று தெரியாத குரலில் இதையும் சொன்னார்.

"உம்மட அக்கா வீட்டில கிடந்த கொலஸ்ட்ரோல் குளிசை முழுக்கக் கொண்டுபோய்க் குப்பையில போட்டுட்டா. என்ரை புதுசையும் சேர்த்து."

"அண்ணை! நீங்கள் ஸ்டென்ட் வைச்ச ஆள். அது உங்களுக்கு வேணும்."

"வேண்டாம்" என்றார் அக்கா. "அந்தச் சனியன் எங்கட வீட்டுக்குள்ள வேண்டாம். உங்களை இப்பிடிப் படுக்க வைச்சது காணும்."

"அக்கா, என்ரை உடம்புக்குத்தான் அது சரிவரேல்லை. அண்ணைக்கு ஒண்டும் செய்யாது."

"மனுச உடம்பு எல்லாம் ஒண்டுதான் தம்பி. உங்களைவிட அவர் இருபது வயசு கூட. உங்களையே இப்பிடிச் செய்தால் அவரை என்ன செய்யும்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றைத்தான் என்னால் சொல்ல முடியாது. டொக்டரிடம் கேளுங்கள் என்றேன். டொக்டர்தானே அதையும் எழுதித் தந்தவர் என்றார். அவர்கள் போன பிறகு வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அண்ணை அந்தக் குளிசை இல்லாமல் எத்தனை நாளைக்கு இருப்பார் என்று நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. மல்கிரேவின் பூப்போட்ட கடதாசியும் நினைவுக்கு வந்தது. அதை நினைக்கவும் பயமாகத்தான் இருந்தது. இரண்டு பயத்தில் எது பெரிது என்று கேட்டுக்கொண்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது. கதிரை போனால் போகட்டும், அதில் உட்கார வைத்தவர்கள் இருக்க வேண்டும்.

அடுத்த நாள் பின்னேரம் இரண்டு பேரும் வந்தார்கள். அக்கா ஃப்ளாஸ்க்கில் ரசம் கொண்டுவந்திருந்தார். மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அக்கா, அந்தக் குளிசையில பிழை இல்லை. உங்களிலையும் பிழை இல்லை. நான் வேற குளிசை எடுக்கிறனான். அதுவும் இதுவும் சேரக்கூடாது."

"சுகர்க் குளிசையோ?"

"இல்லை. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. அதுக்குப் போடுற குளிசை."

அக்கா ஊற்றுவதை நிறுத்தவில்லை. மூடி நிறைந்து என் போர்வையில் வழிந்த பிறகுதான் நிறுத்தினார். அண்ணை யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை வருஷமா?" என்று கேட்டார் அக்கா.

"ஏழெட்டு வருஷம்."

"அப்ப, எங்கட வீட்டுக்கு வரேக்கையே?"

"ஓம்."

அண்ணை தன் ஆட்காட்டி விரலைப் பார்த்தபடி சொன்னார்.

"அண்டைக்கு நீர் விரலைத் தரேல்லை."

"ஓம் அண்ணை."

"ஊசிக்குப் பயம் எண்டீர்."

"உங்களுக்குத்தான் பயந்தனான். உங்கட ஊசியில என்ரை ரத்தம் படக்கூடாது எண்டு."

அக்கா எழுந்து கைப்பையைத் தோளில் போட்டார். "அண்ணை, இண்டைக்கே புதுக் குளிசை எழுதி வாங்குங்கோ" என்றேன். அவர் தலையசைத்தார். "போட்டு வாறம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எப்போதும் சொல்கிற சொல்தான். ஆனால் ஃப்ளாஸ்க் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அக்கா எந்தப் பாத்திரத்தையும் எங்கேயும் விட்டுவிட்டு வருகிறவர் அல்ல. கோயிலுக்குக் கொண்டுபோன சட்டியின் மூடியை மூன்று வாரம் துரத்திப் பிடித்து மீட்டவர். அடுத்த நாள் அவர்கள் வரவில்லை. அண்ணைக்கு வேலை இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு அடுத்த நாளும் அதையே சொல்லிக்கொண்டேன். ஒரு நர்ஸ் ஃப்ளாஸ்க்கைத் திறந்து முகத்தைச் சுளித்து, இதை ஊற்றிவிடவா என்று கேட்டார். ரசத்தை ஊற்றுங்கள், ஃப்ளாஸ்க் இருக்கட்டும் என்றேன். ஓர்பனில் அறை கிடைக்குமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். சாமான் எப்படியும் ஒரு கார் கொள்கிற அளவுதான்.

என் டொக்டர் நகரத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சிறுநீரகம் தப்பிவிட்டது, தசைகளும் பழைய நிலைக்கு வந்துவிடும் என்றார். மருந்துகளை மாற்றப்போவதாகச் சொன்னார். அந்த அடைப்பான் குளிசை இனி வேண்டாம். கொழுப்பையும் சீனியையும் அவ்வளவாகக் குழப்பாத புதியது ஒன்று வந்திருக்கிறது. கொலஸ்ட்ரோலுக்குத் தானே ஒன்று தருவார். "இன்னும் முப்பது வருடம் இருக்கப்போகிறவருக்கு ஏற்ற மருந்தாகப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டார். முப்பது வருடம். அதுவரை என்னிடம் யாரும் அப்படி ஒரு கணக்குச் சொன்னதில்லை. நானும் எனக்கு அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. அவர் போன பிறகு முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டு அழுதேன்.

சனிக்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். ரயிலில் போகலாம் என்று இறங்கி வந்தால் வாசலில் அண்ணை காரோடு நின்றார். வழி முழுக்கக் கிரிக்கெட்டைப் பற்றியே பேசினார். இடையில் டொக்டர் சொன்ன முப்பது வருடக் கணக்கைச் சொன்னேன்; தலையாட்டிவிட்டுத் திரும்பவும் கிரிக்கெட்டுக்குப் போனார். சிக்னல் போடாமல் இரண்டு இடத்தில் திருப்பினார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பொறுத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "குளிசை?" என்று கேட்டேன். "எடுக்கிறன்" என்றார். அக்கா வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கமாக மத்தியானம் அக்கா அகப்பையால் குசினி யன்னலில் தட்டுவார். அதுதான் எனக்கு மணி. அன்று தாளித்த மணம் வந்தது, மீன் கொதிக்கும் மணம் வந்தது, தட்டும் சத்தம் மட்டும் வரவில்லை. நான் சேர்ட் மாற்றிக்கொண்டு, தலை சீவி, கழுவிய ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தவன் மாதிரிக் கட்டிலில் இருந்தேன். கூப்பிடாவிட்டால் ஃப்ளாஸ்க்கை வாசலில் வைத்துவிட்டு வந்து பெட்டியைக் கட்டுவது என்று முடிவு. வழக்கமான நேரம் தாண்டிப் போய்விட்டது. நான் எழும்பிப் பெட்டியைக் கீழே இறக்கினேன்.

அப்போது அகப்பை யன்னலில் விழுந்தது. உடைந்துவிடும் போலத் தட்டினார்.

உள்ளே போனேன். மேசையில் மூன்று தட்டு, மூன்றும் ஒரே மாதிரி. என் கண் தானாகக் குசினி அலுமாரித் தட்டுகளைத் தேடியது. தனியாக எதுவும் இல்லை. அக்கா ஃப்ளாஸ்க்கை வாங்கி, திறந்து, மணந்து பார்த்தார்.

"சோப்பு மணக்குது. இப்பிடியோ கழுவுறது?" என்றார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நான் உதை மறந்துபோய் விட்டிட்டு வரேல்லை தம்பி. வேணுமெண்டுதான் விட்டிட்டு வந்தனான். பயமாப் போச்சு. பிறகு டொக்டரிட்டைப் போனனான். ஆரெண்டு சொல்லேல்லை. ஒரு சட்டியில சாப்பிட்டால் வருமோ, ஒரு கோப்பையில குடிச்சால் வருமோ எண்டு கேட்டனான். வராதாம். திரும்பவும் கேட்டனான். திரும்பவும் வராதெண்டுதான் சொன்னவர்."

"உங்களை அந்த டொக்டர் இனி வர வேண்டாம் எண்டிருப்பார்" என்றார் அண்ணை.

"நீங்கள் சும்மா இருங்கோ." அக்காவின் குரல் தடுமாறியது. "எங்களுக்கு ஒண்டும் வந்திடக்கூடாதெண்டு நீங்கள் கையை ஒளிச்சிருக்கிறியள். நான் ஒரு ஃப்ளாஸ்க்குக்குப் பயந்து ஓடி வந்திருக்கிறன். இருங்கோ, சாப்பிடுவம். மீன் ஆறுது."

சாப்பிட்டோம். குழம்பு உறைத்தது. மூன்று பேரும் மூக்கை உறிஞ்சினோம். அதற்குக் குழம்பு மட்டும் காரணமில்லை. அண்ணை எழும்பிப் போய்த் தன் மெஷினைக் கொண்டுவந்தார். "போய் உம்மட மெஷினை எடுத்துவாரும், ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்பம்" என்றார்.

கடைசியில் அக்கா சட்டியை முன்னால் இழுத்தார். சோற்றைப் போட்டார், பருப்பைப் போட்டார், பிசைந்தார். பேச்சு வேறு, கை வேறு என்பது எனக்குத் தெரியும். அண்ணையின் கையில் முதல் உருண்டை விழுந்தது, வழக்கமான அளவு. நான் கையை நீட்டினேன். அக்காவின் விரல்கள் என் உள்ளங்கையில் பட்டன. எடுத்துப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை.

அண்ணையின் கையைப் பார்த்தேன். என் கையைப் பார்த்தேன். தட்டைப் பிரிக்கவில்லை, அளவைப் பிரித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"என்னக்கா, எனக்கு மட்டும் இவ்வளவுதானோ?"

அக்கா சட்டியை வழித்து, மிஞ்சியதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அதே கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டி ஏசினார்.

"பின்னை? சுகர்காரனுக்குச் சோறு உருட்டித் தாறதே பெரிசு. அண்ணை சொல்வழி கேளாத மனுசன், அவரை விடுங்கோ. முப்பது வருஷம் இருக்க வேண்டிய ஆள் எண்டு அந்த டொக்டர் மனுசி சொன்னதா அண்ணையிட்டை நீங்கள்தானே காரில சொன்னனீங்கள். அப்ப கணக்காச் சாப்பிடுங்கோ."

இன்னும் ஒன்று கேட்டுப் பார்த்தேன். தரவே இல்லை.